ஐம்பத்து நாலு வோல்ட்

திருப்போரூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவே உப்பளங்களை ஒட்டி நின்ற அந்த நூல் ஆலையில், இருசப்பனைப் பிடிக்கும் என்று சொல்ல ஓர் ஆள் கிடையாது. வேலையில் கெட்டிக்காரன் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அதற்கு மேல் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். கேன்டீனில் டீ ஆறிப்போயிருந்தால் டம்ளரைத் திருப்பி வைத்துவிட்டு, "இத்த உன் வூட்டு மாட்டுக்கு ஊத்து" என்பான். மேலே இருப்பவன் தப்பாகச் சொன்னால் நாலு பேர் நடுவிலேயே "தப்பு" என்பான். கீழே இருப்பவன் தப்பாகச் செய்தால் அதே சத்தத்தில் அதையும் சொல்வான்.

கடப்பாக்கத்துக்காரன். அப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் கட்டுமரம் முதல் அலையைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். அதைச் சொல்லிச் சொல்லி அண்ணன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பில் சேர்ந்தான். 1991-ல் ஆலையின் பவர் ஹவுஸில் வேலை கிடைத்தது. சொந்த ஊரிலேயே தமிழரசியைக் கட்டிக்கொண்டு, திருப்போரூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு பிடித்தான். சங்கரி பிறந்தாள். தமிழரசியின் தம்பி துரை ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். மேனேஜர் அப்பாசாமியிடம் ஒரு வாரம் மல்லுக்கட்டி அவனையும் பவர் ஹவுஸிலேயே பேனல் ஆபரேட்டராகச் சேர்த்துவிட்டது இருசப்பன்தான்.

பவர் ஹவுஸில் மூன்று டீசல் ஜெனரேட்டர்கள். அங்கே அவற்றை 'செட்' என்பார்கள். ஒவ்வொன்றும் பதினோராயிரம் வோல்ட் கொடுக்கும். ஊர் மின்சாரம் போனால் ஆலையின் உயிர் இந்தச் செட்களில்தான். அறையின் ஒரு பக்கம் முழுக்க ஆளுயரத்துக்கு மேல் இரும்புப் பேனல்கள். பதினோராயிரம் வோல்ட்டை நேராக மீட்டருக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் மீட்டரும் இருக்காது, பார்க்கிறவனும் இருக்க மாட்டான். அதனால் பேனலுக்குள் 'பி.டி.' என்று ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்து, பதினோராயிரத்தை நூற்றுப் பத்தாகக் குறைத்துக் கொடுக்கும். மீட்டர் பார்ப்பதும், ஆபத்து வந்தால் செட்டை நிறுத்தும் ரிலே பார்ப்பதும், வோல்ட்டேஜைத் தானாகவே ஏற்றி இறக்கும் கருவி பார்ப்பதும் இந்த நூற்றுப் பத்தைத்தான். பி.டி. பொய் சொன்னால் மொத்தப் பேனலும் அந்தப் பொய்யை நம்பும்.

1997-ல் பவர் ஹவுஸுக்குப் புது இன்ஜினியராக சேலத்திலிருந்து பரணிதரன் வந்தான். முப்பது வயது. இஸ்திரி போட்ட சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வந்த முதல் வாரமே இருசப்பனை 'ஏய்' என்று கூப்பிட்டான். இருசப்பன் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டான்.

"எம் பேரு இருசப்பன். அப்பன் வச்ச பேரு. அத்தச் சொல்லு, திரும்பறேன்."

அன்றைக்கே இரண்டு பேருக்கும் ஆகாது என்பது முடிவாகிவிட்டது. பரணிதரன் அவனுக்கு வர வேண்டிய ஓவர்டைமை வேறு ஆளுக்குக் கொடுத்தான். இருசப்பன் பரணிதரன் போட்ட சர்க்யூட் படத்தில் இருந்த பிழையைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினான். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

1999 ஜூன் மாதம். காற்று கடல் பக்கமிருந்து உப்பள ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னல் கம்பிகளில் பூசிய நாட்கள். ஆலைக்குள் டியூப்லைட் சோக்குகள் ஒவ்வொன்றாகப் புகைய ஆரம்பித்தன. மூன்று நாளில் பதினேழு சோக். மலிவுச் சரக்கு என்று ஸ்டோர்காரனைத் திட்டினார்கள். இருசப்பனுக்கு அது சோக்கின் குற்றமாகத் தோன்றவில்லை. இரண்டாம் நம்பர் செட் ஓடும்போது மட்டும்தான் புகைகிறது என்பதைக் கவனித்திருந்தான்.

செட்டிலிருந்து மின்சாரம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகளில் வரும். அதனால் மீட்டரில் மூன்று நிலை உண்டு. குமிழைத் திருப்பினால் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே எவ்வளவு, மஞ்சளுக்கும் நீலத்துக்கும் எவ்வளவு, நீலத்துக்கும் சிவப்புக்கும் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் காட்டும். இருசப்பன் திருப்பிப் பார்த்தான். சிவப்பு-மஞ்சள் பதினொன்று புள்ளி எட்டு, அதாவது பதினோராயிரத்து எண்ணூறு வோல்ட். மஞ்சள்-நீலம் பத்து புள்ளி ஆறு. நீலம்-சிவப்பும் பத்து புள்ளி ஆறு. அடுத்த பேனலில் மூன்று செட்டுக்கும் பொதுவான மீட்டர் இருந்தது. அதற்கு வேறு பி.டி. அதைத் திருப்பினான். மூன்று நிலையிலும் ஒரே மாதிரி பதினொன்று புள்ளி எட்டு.

ஒரே கம்பியில் ஓடும் மின்சாரத்தை இரண்டு மீட்டர் இரண்டு விதமாகச் சொல்கின்றன. எது பொய்? இருசப்பன் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போய் நின்று யோசித்தான். குறைவாகக் காட்டும் இரண்டு நிலையிலும் நீலம் இருக்கிறது. நீலம் இல்லாத நிலையில் இரண்டு மீட்டரும் ஒத்துப்போகின்றன. பீடி பாதி தீருவதற்குள் விடை கிடைத்துவிட்டது. உள்ளே வந்து மல்டி மீட்டரை எடுத்து, பி.டி. கம்பிகள் வந்து சேரும் இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். தனிக் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் நூற்றுப் பத்து வராது, அறுபது சொச்சம்தான் வரும்; ஆனால் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சிவப்பு அறுபத்தெட்டு வோல்ட். மஞ்சள் அறுபத்தெட்டு. நீலம் ஐம்பத்து நாலு.

ஒரு துண்டுத் தாளில் மூன்றையும் எழுதிக்கொண்டு பரணிதரன் அறைக்குப் போனான்.

"ரெண்டாம் நம்பர் செட்டுல நீலத்தோட பி.டி. ஃப்யூஸ் சரியில்ல சார். உப்புக் காத்துல கிளிப்பு பூத்துப் போயிருக்கும். செட்டு உண்மையில பதினொண்ணு எட்டு குட்த்துகினு கீது. கம்மியா கீதுன்னு நெனச்சிகினு ஏத்துற கருவி இன்னும் ஏத்திகினே போவுது. நிறுத்திட்டு, பி.டி.ய வெளிய இஸ்துப் பாக்கணும். பெர்மிட்ல கையெழுத்துப் போட்டுக் குடு."

பரணிதரன் தாளைப் பார்க்கவில்லை. "அந்தப் பி.டி. போன வருஷம்தான் மாத்துனது. பொது மீட்டரோடது எட்டு வருஷப் பழசு. எது தப்பா இருக்கும்?"

"பழசு மூணையும் சமமாக் காட்டுது. புச்சுதான் நொண்டுது."

"லோடு சமமா இல்லன்னா அப்படித்தான்யா காட்டும்."

"லோடு காரணம்னா பொது மீட்டரும் நொண்டணுமே சார். ரெண்டும் ஒரே கம்பிதான?"

பரணிதரன் வாசல் பக்கம் பார்த்தான். அங்கே நின்ற இரண்டு ஃபிட்டர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் மாறியது.

"ஏற்றுமதி ஆர்டர் ஓடிட்டிருக்கு. உனக்காக செட்டை நிறுத்த முடியாது. போ."

மறுநாள் மறுபடி போனான். இந்த முறை நீலம் ஐம்பத்து ஒன்றுக்கு இறங்கியிருந்தது. காலையில் ஒரு தடவை, இன்னும் உண்மை சொல்லிக்கொண்டிருந்த சிவப்பு-மஞ்சளைப் பார்த்து அதிக வோல்ட்டேஜ் ரிலே செட்டை நிறுத்தியும் விட்டது. பரணிதரன் அந்தத் தாளை வாங்கிக் கசக்கி, மேஜைக்கடியில் இருந்த கூடையில் போட்டான்.

"ஐ.டி.ஐ. படிச்சவன் எனக்குப் பாடம் எடுக்காத. தள்ளி நில்லு முதல்ல. மீன் நாத்தம் அடிக்குது."

அறையில் டைப்பிஸ்ட் இருந்தார், ஸ்டோர்காரர் இருந்தார், துரை அப்போதுதான் கையெழுத்து வாங்க உள்ளே வந்திருந்தான், எதற்குச் சண்டை என்று அவனுக்குத் தெரியாது. யாரும் சிரிக்கவில்லை. இருசப்பன் கையை ஓங்கியிருப்பான், துரை குறுக்கே வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். "வா மாமா. இவனான்ட இன்னா பேச்சு" என்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

மூன்றாவது நாள் இருசப்பன் நேராக மேனேஜர் அப்பாசாமியிடம் போனான். அவர் பாதி கேட்டுவிட்டு, "இன்ஜினியர் சொல்றதுதான் இன்ஜினியரிங்" என்று சொல்லி அனுப்பினார். அன்று மதியம் பரணிதரன் பொது மீட்டரின் கண்ணாடி மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினான். 'பழுது. பார்க்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. சரியாக இருந்த மீட்டருக்குக் கண் கட்டியாயிற்று. இனி எல்லோரும் பொய் சொல்லும் மீட்டரைத்தான் பார்த்தாக வேண்டும்.

நான்காவது நாள் இருசப்பனுக்குக் காலை ஷிப்ட். முந்தின நாள் அதிக வோல்ட்டேஜ் ரிலே இன்னொரு முறை செட்டை நிறுத்தியிருந்தது. மதியம் ஒரு மணிக்கு ரீடிங் எடுக்கும்போது ரிலேயின் கீழே குனிந்து பார்த்தான். ரிலே ஆபத்தைக் கண்டாலும் செட் நிற்காதபடி, இடையில் இருக்கும் பித்தளை லிங்க்கைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதைக் கழற்றும் அதிகாரம் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு.

மணிக்கு மணி அளவுகளை எழுதும் லாக் புக்கை எடுத்தான். முந்தின நாட்களின் அளவுகளையும் அவன் அதில் எழுதியிருந்தான். ஒரு மணிக் கட்டத்தில் எழுதினான்: 'நீலம் 49. அதிக வோல்ட்டேஜ் ரிலே லிங்க் கழற்றப்பட்டுள்ளது.' பேனாவை அழுத்தி எழுதியதில் அடுத்த தாளிலும் தடம் விழுந்தது. ஒன்றே முக்காலுக்குப் பரணிதரன் வந்து, நின்றபடியே அந்தப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அடுத்த ஷிப்ட் புதுப் பக்கத்தில் தொடங்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குத் துரை வந்தான். சட்டையை மாற்றிக்கொண்டே கேட்டான்:

"இன்னா மாமா, எதுனா விசேஷம் கீதா?"

இருசப்பனுக்கு வாய் வரை வந்தது. நாலு நாளாகச் சொல்லிச் சொல்லிப் புளித்துப்போன வார்த்தைகள். மீன் நாத்தம் என்ற சொல் இன்னும் காதில் இருந்தது. வெடிக்கட்டும் என்று நினைத்தான். ஒரு செட் போகட்டும், கம்பெனிக்காரன் வரட்டும், லிங்க்கைக் கழற்றியவன் யார் என்று கேட்கட்டும். இரும்புதானே, போனால் போகட்டும். இரும்புக்குப் பக்கத்தில் ஆள் நிற்பான் என்பது அந்த நேரத்தில் அவன் நினைப்பில் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பான் என்று பிற்பாடு அவனால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

"ஒண்ணுங்கெடையாது. பாத்துக்க" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

மூன்றரை மணிக்கு நீலத்தின் ஃப்யூஸ் முழுசாகவே விட்டுப்போனது. துரை பார்த்த மீட்டர் மஞ்சள்-நீலத்தில் நின்றிருந்தது. முள் சரேலென்று ஏழுக்கு இறங்கியது. வோல்ட்டேஜ் விழுந்துவிட்டது என்று பயந்து இன்டர்காமில் பரணிதரனைக் கூப்பிட்டான்.

"செட்டு சார், ஏழுதான் காட்டுது!"

"கையால ஏத்து. நின்னுடப்போகுது, ஏத்துய்யா!"

துரை ஏற்றினான். ஏற்கெனவே பதிமூன்றைத் தாண்டி நின்ற வோல்ட்டேஜ் இன்னும் மேலே போனது. அதை நிறுத்த வேண்டிய ரிலே கத்திக்கொண்டுதான் இருந்தது. லிங்க் இல்லாததால் அந்தக் கத்தல் எங்கும் போய்ச் சேரவில்லை. பேனலின் அடியில் கேபிள் வந்து சேரும் அறை வெடித்தது. இரும்புக் கதவு பிய்த்துக்கொண்டு வந்து துரையின் மேல் விழுந்தது. அதன் பின்னாலேயே நெருப்பு வந்தது.

இருசப்பன் வீட்டில் சோறு தின்றுவிட்டுப் படுத்திருந்தான். ஆலை வேனில் வந்தவன் வாசலிலிருந்தே கத்தினான். தமிழரசி தலையை முடியக்கூட நிற்காமல் அதே வேனில் ஏறி, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். இருசப்பன் எதிர்த் திசையில், சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆலைக்கு ஓடினான். பவர் ஹவுஸில் புகை அடங்கவில்லை. தரையெல்லாம் நுரையும் தண்ணீரும். மேஜை மேல் நனைந்துகிடந்த லாக் புக்கை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். பரணிதரன் கிழிப்பதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

துரை பிழைத்தான். டாக்டர்கள் பத்து நாள் போராடினார்கள். இடது கண் போய்விட்டது. கழுத்திலும் தோளிலும் தோல் கருகிச் சுருங்கிவிட்டது.

கடப்பாக்கத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் குந்திக்கொண்டார்கள். மாமியார் ஜெகதாம்பாள் இருசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மூணு தபா சொன்னியாமே நைனா. அந்தப் பாவி காதுல வாங்கலியாமே" என்று அழுதாள். தமிழரசி வருகிறவர்களிடமெல்லாம், "எம் புருசன் அப்பவே கண்டுபுட்ச்சுட்டாரு" என்று சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பெருமைப் பேச்சை இருசப்பன் அதற்கு முன் கேட்டதில்லை. அவனால் அங்கே உட்கார முடியவில்லை. டீ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு வந்தான்.

பதினோராவது நாள் காலை பரணிதரன் திருப்போரூர் வீட்டுக்கே வந்தான். சட்டை கசங்கியிருந்தது. சவரம் செய்யாத முகம். வீட்டில் இருசப்பன் மட்டும்தான் இருந்தான்.

"லாக் புக் உன்கிட்டதான் இருக்கு. எனக்குத் தெரியும்."

"இருந்தா?"

"நாளைக்கு மெட்ராஸ்ல இருந்து டெஸ்ட் இன்ஜினியர் வர்றாங்க. அந்தப் பக்கம் இல்லாம போச்சுன்னா எனக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

"எனுக்கு இன்னாடா நல்லது?"

பரணிதரன் குரலைத் தாழ்த்தினான். "கையெழுத்துப் போடறப்போ நான் படிச்சேன். லிங்க் கழட்டியிருக்குன்னு ஒரு மணிக்கு எழுதியிருக்க. ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாத்திக் குடுத்திருக்க. உன் மச்சான்கிட்ட சொன்னியா?"

இருசப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொல்லல. சொல்லியிருந்தா அவன் ஏத்தியிருக்க மாட்டான். நான் பண்ணுனது தப்பு, ஒத்துக்கறேன். நீ பண்ணுனதுக்கு என்ன பேரு?"

இருசப்பன் அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினான். பரணிதரன் தடுமாறிக் கைப்பிடிச் சுவரில் மோதிக்கொண்டான். ஆனாலும் போகும்போது திரும்பி நின்று சொன்னான்: "யோசிச்சுப் பாரு. அந்தப் பக்கத்தை உன் பொண்டாட்டியும் படிப்பா."

அவன் போன பிறகு இருசப்பன் பரணிலிருந்து புத்தகத்தை எடுத்தான். காய்ந்து மொடமொடத்துப் போயிருந்தது. அடுப்பைப் பற்றவைத்தான். அந்தப் பக்கத்தை விரல்களால் பிடித்து இழுத்துக்கொண்டு எத்தனை நேரம் நின்றான் என்று அவனுக்கே தெரியாது. கிழித்தால் வீட்டில் அவன் பெரிய மனுஷனாகவே இருந்துவிடலாம். பரணிதரனும் தப்பிப்பான், சேலத்துக்கோ வேறு ஊருக்கோ போய் இன்னொருவனை 'ஏய்' என்று கூப்பிடுவான். அதற்கு முந்தின பக்கங்களையும் புரட்டிப் பார்த்தான். 54. 51. 49. அவன் கையால் எழுதிய எண்கள். படித்தவன் எவனுக்கும் தெரியாததை, தான் ஒருத்தனே கண்டுபிடித்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சி அவை. அவற்றைக் கொளுத்த மனசு வரவில்லை. நியாயம் தர்மம் என்று அவன் எதையும் நினைக்கவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தின் மேலிருந்த ஆசையும் பரணிதரன் மேலிருந்த வெறுப்பும் சேர்ந்து கையைப் பிடித்துக்கொண்டன. அடுப்பை அணைத்தான்.

விசாரணை ஆலையின் கூட்ட அறையில் நடந்தது. டெஸ்ட் இன்ஜினியர் மார்கரெட் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. யாரைப் பார்த்தும் சிரிக்காதவர். காலையிலேயே எரிந்த பேனலுக்குள் தலையை விட்டு, பி.டி.யைத் தானே வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மேஜை மேல் ஒரு தாளை விரித்து நீலத்தின் ஃப்யூஸை வைத்தார். அதன் கிளிப் முழுக்க வெளிர்பச்சை நிறத்தில் பொடி பூத்திருந்தது.

"இது ஒரு நாள்ல வந்ததில்ல. யாருக்குமே தெரியலையா?"

பரணிதரன் தனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை என்றான். லிங்க்கைப் பற்றிக் கேட்டதற்கு, "எலக்ட்ரீஷியன் கழட்டியிருக்கலாம்" என்றான். தமிழரசி துரையைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்த்தியிருந்தாள். அதைக் கேட்டதும் எழுந்து நின்று, "பொய் சொன்னா நாக்கு அழுவிப் பூடும்" என்று கத்தினாள். அப்பாசாமி அவளை உட்காரச் சொன்னார்.

இருசப்பன் புத்தகத்தை மேஜையில் வைத்தான். மார்கரெட் நிதானமாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஐம்பத்து நாலு என்று எழுதிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"குறையிற ரெண்டுலயும் நீலம் கீது. அவ்ளோதான்."

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க." பாராட்டு மாதிரி அவர் அதைச் சொல்லவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பரணிதரனின் கையெழுத்தை அவனிடமே காட்டி, "இது உங்களுதுதானே?" என்றார். பரணிதரன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். "மதியம் ஒரு மணி. நீலம் நாப்பத்தொம்பது. லிங்க் கழற்றப்பட்டுள்ளது." நிமிர்ந்தார். "நீங்க எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீங்க, இருசப்பன்?"

"ரெண்டு."

"அடுத்த ஷிப்ட்காரர்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

துரை கட்டுப் போட்ட தலையை மெதுவாகத் திருப்பினான். மிச்சமிருந்த ஒரு கண்ணால் தன் அக்காள் புருஷனைத் தேடினான்.

"இல்ல" என்றான் இருசப்பன்.

"கேட்டனே மாமா" என்றான் துரை. "எதுனா விசேஷம் கீதான்னு கேட்டனே."

தமிழரசி இருசப்பனைப் பார்த்தாள். அப்புறம் தம்பியின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தி, "வா, வூட்டுக்குப் போலாம்" என்று கூட்டிக்கொண்டு வெளியே போனாள். அவள் சொன்ன வீடு திருப்போரூர் வீடு அல்ல, கடப்பாக்கத்தில் அம்மா வீடு. சாயங்காலம் இருசப்பன் போய்ச் சேர்ந்தபோது சங்கரியின் பள்ளிக்கூடப் பையும் இல்லை, சுவரில் மாட்டியிருந்த அவள் சீருடையும் இல்லை.

மார்கரெட் எழுதிய அறிக்கையில் இரண்டு பேர் பெயரும் இருந்தன. லிங்க்கைக் கழற்றியவன், பார்த்தும் கையெழுத்துப் போட்டவன் என்று பரணிதரனை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆபத்தைத் தெரிந்தே மறைத்தவன் என்று இருசப்பனையும் நீக்கினார்கள். இரண்டு ஆர்டரும் ஒரே நாளில், ஒரே டைப்ரைட்டரில் அடிக்கப்பட்டன. 'இன்ஜினியர் சொல்றதுதான் இன்ஜினியரிங்' என்ற அப்பாசாமி அதே நாற்காலியில் இருந்தார். துரைக்கு ஆலை கேட்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை கிடைத்தது.

அதன்பின் இருசப்பனுக்கு எந்த ஆலையிலும் நிரந்தர வேலை அமையவில்லை. மாமல்லபுரம் பக்கத்து ஹோட்டல்களுக்கும், பழைய மாமல்லபுரம் சாலையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டிடங்களுக்கும் ஜெனரேட்டர் சோதனை பார்க்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குச் சேர்ந்தான். அவனை அனுப்பினால் வேலை சுத்தமாக முடியும், ஆனால் அங்கே ஒரு சண்டையும் நடக்கும் என்று கான்ட்ராக்டர் சொல்வார். வேலை முடிந்து அடுத்தவனிடம் ஒப்படைக்கும்போது, பேனலில் பார்த்த ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொல்வான். கேட்கிறவன் எரிச்சல்பட்டாலும் விடமாட்டான். 'இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லு' என்று சட்டையைப் பிடிப்பான். ஒரு ஹோட்டலில் இதனால் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு வெளியே அனுப்பினார்கள்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு கடப்பாக்கம் போவான். ஜெகதாம்பாள் கதவைத் திறக்க மாட்டாள். சங்கரி மட்டும் வெளியே வந்து கடற்கரையில் இடிந்துகிடக்கும் பழைய கோட்டையின் சுவர் வரை அவனோடு நடந்துவிட்டுத் திரும்புவாள். தமிழரசி ஒரு தடவை மட்டும் வாசலுக்கு வந்தாள். "அந்த ஆளு எந் தம்பிய மதிக்கல, வுட்டுட்டான். அவன் அசலான். நீ எங்க வூட்டுச் சோறு துன்னவன். உனுக்கு இன்னா வந்துச்சு?" என்று கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

2002-ல் சங்கரி ஐந்தாம் வகுப்பு முடித்தபோது, செங்கல்பட்டில் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று தமிழரசியே திருப்போரூருக்குத் திரும்பி வந்தாள். சமைத்தாள், துணி துவைத்தாள். அவனிடம் பேச வேண்டியதை மகளிடம் சொல்லி அனுப்பினாள். "உங்கப்பனாண்ட கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லு." பத்தடி வீட்டில் இந்த ஏற்பாடு நடந்தது.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் துரை அக்காளைப் பார்க்க வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். கோயில் கூட்டத்தில் இடிபட்டு வந்த களைப்பில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். இருசப்பன் எழுந்து வெளியே போகப் பார்த்தான்.

"குந்து" என்றான் துரை. மூன்று வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை. "ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லு. ஏன் சொல்லல?"

அடுப்படியில் தமிழரசியின் கரண்டிச் சத்தம் நின்றது.

"அவன் மாட்டணும்னு நெனச்சேன்" என்றான் இருசப்பன்.

"அப்பறம்?"

"அவ்ளோதான். வேற ஒண்ணும் நெனைக்கல. உன்ன நெனைக்கல."

துரை கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். கண் இருந்த இடத்தில் தோல் மடிந்து ஒட்டியிருந்தது. அதை இருசப்பன் அத்தனை பக்கத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

"அவன் கோயமுத்தூர்ல ஒரு மில்லுல கீறானாம். சீஃப் இன்ஜினியராம்" என்றான் துரை. "கேட்டுல லாரிக்காரன் ஒருத்தன் சொன்னான்."

"கேள்விப்பட்டேன்."

"உன்மேல இருக்கிற கோவம் போவாது மாமா. போயிடுச்சுன்னு நெனச்சிக்காத."

"நெனைக்கல."

தமிழரசி இரண்டு தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தாள். ஒன்றைத் தம்பி முன்னால் வைத்தாள். மற்றொன்றை இருசப்பன் முன்னால் தரையில் சத்தம் கேட்க வைத்தாள். குழம்பு தளும்பிச் சிந்தியது. "துன்னு" என்றாள், மகளைக் கூப்பிடாமல், நேராக அவனைப் பார்த்து. துரை சாப்பிட்டுக் கை கழுவி, அக்காளிடம் மட்டும் சொல்லிக்கொண்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினான். இருசப்பன் பஸ் ஸ்டாண்டு வரை பத்தடி பின்னாலேயே நடந்தான். துரைக்கு இடது பக்கத்திலிருந்து வரும் வண்டி தெரியாது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.